கேத்தலின் அடியில் ஒரு கல்



வலிகாமம் வடக்கில் மீள்குடியேறிய ஓர் அம்மா, கேத்தலின் அடியில் படிந்திருந்த வெள்ளையைச் சுரண்டியபடி, "இது எங்கேயிருந்து வருகுது, பிள்ளை?" என்று என்னிடம் கேட்டார்.

அது நம் காலடியிலுள்ள சுண்ணக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டுடன் சேர்ந்து மெல்லிய அமிலமாகிறது. கல்லின் வெடிப்புகளில் இறங்கி, ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அதைக் கரைக்கிறது. வெடிப்பு துவாரமாகும், துவாரம் குகையாகும். அப்படியொரு குகையின் கூரை இடிந்து உண்டானதே புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கிணறு. கல் கரைந்தபின் எஞ்சியதே நமது செம்பாட்டு மண்.

இந்தத் துவாரங்களில்தான் நம் நன்னீர் தங்குகிறது. வற்றாத ஆறு இல்லாத நமக்குக் கிணறே கதி. ஆனால் மழைநீர் இறங்கும் வழியால் அழுக்கும் இறங்கும். மணல் வடிப்பதுபோலக் கல்வெடிப்பு வடிக்காது.

அந்த அம்மாவின் மலசலகூடத்துக்குக் கிணற்றிலிருந்து பத்தடியில் குழி வெட்டத் தொடங்கியிருந்தார்கள். "சின்னக் காணி, வேறெங்கே வெட்ட?" என்றார். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்தோம். காணியின் மறுமூலையில், அடியும் சுவரும் சீமெந்து பூசிய குழி அமைந்தது.

நீங்களும் குழி வெட்டுமுன் அவரிடம் கேளுங்கள். குடிநீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். தோட்டத்து உரத்திலிருந்து வரும் நைத்திரேற்று போகாது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீடுகளில் கிணற்று நீரைப் பரிசோதிப்பது அவசியம்.

நிலத்தில் இன்று ஊற்றுவது நாளை நம் குடத்துக்கு வரும்.