போட்டி வேண்டாம் என்றால் பதவியும் வேண்டாமா?

2024 ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்க அதிபர் ஜோ பைடன் ஒரு கடிதத்தை எக்ஸ் தளத்தில் வெளியிட்டார். மறுபடியும் அதிபர் தேர்தலில் நிற்கப் போவதில்லை, மிச்சமிருக்கும் பதவிக்காலத்தில் அதிபர் வேலையை மட்டும் கவனிக்கப் போகிறேன் என்பதுதான் அதன் சாரம். அப்போது அவருக்கு வயது 81.

கடிதம் வந்த சில மணி நேரத்திலேயே எதிர்க்கட்சியிடமிருந்து ஒரு கேள்வி கிளம்பியது. பிரதிநிதிகள் சபையின் சபாநாயகராக இருந்த குடியரசுக் கட்சிக்காரர் மைக் ஜான்சன், தேர்தலில் நிற்கவே தகுதி இல்லாதவர் நாட்டை ஆளவும் தகுதி இல்லாதவர்தான், உடனே ராஜினாமா செய்ய வேண்டும் என்றார்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் யோசித்தால் இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்திருப்பது தெரியும். 'இன்று வேலை செய்ய முடியுமா?' என்பது ஒன்று. 'இன்னும் நாலரை வருடம் கழித்தும் வேலை செய்ய முடியுமா?' என்பது இன்னொன்று.

58 வயதான அரசு ஊழியர் ஒருவர் வங்கிக்குப் போய் 20 வருடத்தில் அடைக்கும்படி வீட்டுக் கடன் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மேலாளர் தரமாட்டார். அதற்காக, "நீங்கள் நாளையிலிருந்து ஆபீசுக்கே போகாதீர்கள்" என்று சொல்வாரா? கடன் என்பது வரப்போகும் வருடங்களை நம்பித் தருவது. தேர்தலும் அப்படித்தான். பைடன் மறுபடி ஜெயித்திருந்தால் 2029 ஜனவரியில் அவருக்கு 86 வயது ஆகியிருக்கும். அந்தக் காலத்துக்கு உத்தரவாதம் தர முடியாது என்று ஒருவர் ஒதுங்குவது, இன்றைக்கே கை கால் ஓடவில்லை என்று ஒப்புக்கொள்வது ஆகாது.

இதற்கு முன்னுதாரணம் இல்லாமலும் இல்லை. ஹாரி ட்ரூமன் 1952 மார்ச் மாதம் மீண்டும் நிற்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டு, 1953 ஜனவரி வரை அதிபராக இருந்தார். வியட்நாம் போரால் பேர் கெட்டுப்போன லிண்டன் ஜான்சன் 1968 மார்ச் 31 அன்று அதையே செய்தார். வட வியட்நாம் மீதான குண்டுவீச்சைப் பெருமளவு குறைப்பதாக அறிவித்த அதே தொலைக்காட்சி உரையின் கடைசியில்தான், தேர்தலில் நிற்கவில்லை என்பதையும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தில் ஏப்ரலில் கையெழுத்திட்டார். மே மாதம் பாரீசில் சமாதானப் பேச்சு தொடங்கியது. ஜூலையில் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் அமெரிக்கா கையெழுத்திட்டது.

பைடன் விஷயத்திலும் ஒரு சம்பவம் உண்டு. விலகல் கடிதம் வெளியாவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு அவர் ஸ்லோவேனியா பிரதமரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அந்த நாட்டுச் சிறையில் இருந்த ரஷ்ய உளவாளிகளை விடுவித்தால்தான் கைதிகள் பரிமாற்றம் நடக்கும் என்ற நிலை. ஆகஸ்ட் 1 அன்று அது நடந்தது. ரஷ்யச் சிறையிலிருந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் இவான் கெர்ஷ்கோவிச் உட்படப் பலர் வீடு திரும்பினார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் வெறும் பொம்மை இல்லை என்பதற்கு இது ஒரு சாட்சி.

சரி, ராஜினாமா செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

துணை அதிபர் கமலா ஹாரிஸ் அதிபராகியிருப்பார். தாய் வழியில் தமிழ்நாட்டு வேர் உள்ளவர் என்பதால் மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் வெடி கூட வெடித்திருப்பார்கள்! ஆனால் துணை அதிபர் நாற்காலி காலியாகியிருக்கும். அமெரிக்க அரசியல் சட்டத்தின் 25ஆவது திருத்தப்படி, புதிய துணை அதிபரை நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் பெரும்பான்மையோடு ஏற்க வேண்டும். அப்போது பிரதிநிதிகள் சபை குடியரசுக் கட்சியின் கையில் இருந்தது. 1974ல் நிக்சன் ராஜினாமா செய்து ஃபோர்டு அதிபரானபோது, அவர் ஆகஸ்டில் முன்மொழிந்த ராக்ஃபெல்லர் துணை அதிபராகப் பதவியேற்க டிசம்பர் ஆகிவிட்டது. நான்கு மாதம்! பைடன் விலகிய நாளிலிருந்து தேர்தலுக்கு இருந்ததோ 107 நாட்கள்தான்.

அதுவரை அதிபர் பதவிக்கு அடுத்த வரிசையில் நிற்பவர் யார்? சபாநாயகர். அதாவது, ராஜினாமா செய்யச் சொன்ன அதே மைக் ஜான்சன்! அவர் அதை மனதில் வைத்துத்தான் பேசினார் என்று சொல்ல முடியாது. ஆனால் ராஜினாமா என்பது ஒருவர் போய் இன்னொருவர் வருவதோடு முடிகிற காரியம் இல்லை என்பது இதிலிருந்து புரியும்.

மறுபக்கத்தில் இருக்கும் நியாயத்தையும் பார்க்க வேண்டும். 2024 ஜூன் 27 அன்று ட்ரம்புடன் நடந்த விவாதத்தில் பைடன் வாக்கியங்களை முடிக்க முடியாமல் தடுமாறியதை உலகமே பார்த்தது. அவருடைய தளர்ச்சியைச் சுற்றியிருந்தவர்கள் மறைத்தார்கள் என்று 2025ல் புத்தகமே வந்தது. நள்ளிரவில் அணு ஆயுதம் பற்றி முடிவெடுக்க வேண்டி வந்தால் என்ன செய்வது என்ற பயம் வீண் பயம் இல்லை. 1919 அக்டோபரில் உட்ரோ வில்சன் பக்கவாதத்தில் விழுந்த பிறகு, 1921 மார்ச் வரை அவரே அதிபர். யார் அவரைப் பார்க்கலாம், எந்தக் காகிதம் அவரிடம் போகலாம் என்பதை மனைவி எடித் முடிவு செய்தார். அப்படிப்பட்ட நிலையில் ராஜினாமாதான் சரி. அதில் இரண்டு பேச்சு இல்லை.

ஆனால் வில்சன் காலத்தில் தெளிவான வழி எதுவும் சட்டத்தில் இல்லை. 1967ல் நடைமுறைக்கு வந்த 25ஆவது திருத்தம் அந்த வழியைத் தந்திருக்கிறது. அதிபர் தானாகவே அதிகாரத்தைத் தற்காலிகமாகக் கொடுக்கலாம். 2021 நவம்பரில் மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் ஒரு பரிசோதனைக்காக பைடனே கமலா ஹாரிசிடம் 85 நிமிடம் கொடுத்தார். அதிபரால் முடியவில்லை என்று துணை அதிபரும் அமைச்சர்களில் பெரும்பான்மையோரும் எழுதிக் கொடுத்தும் அதிகாரத்தை மாற்றலாம். ஆகவே 'இன்று முடியுமா' என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியது மருத்துவ அறிக்கையும் இந்தச் சட்டமும்தான். தேர்தலில் நிற்கவில்லை என்ற கடிதத்தை அதற்கான ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. போட்டியிலிருந்து விலகினால் பதவியும் போய்விடும் என்று ஆக்கிவிட்டால், வயதான எந்தத் தலைவர் தானாக விலக முன்வருவார்? கடைசி நிமிடம் வரை "நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று சாதிப்பார்கள். உண்மையைச் சொல்கிறவருக்குத் தண்டனை, மறைக்கிறவருக்குப் பரிசு என்றாகிவிடும்.

அப்படியானால் பைடன் மேல் தப்பே இல்லையா? இருக்கிறது. விலகியது தப்பில்லை, பதவியில் நீடித்ததும் தப்பில்லை. தாமதித்ததுதான் தப்பு. 2020 மார்ச்சில், அடுத்த தலைமுறைக்குத் தான் ஒரு பாலம் என்று சொன்னவர் அவர். 2023 ஏப்ரலில், 80 வயதில், மீண்டும் நிற்பதாக அறிவித்தார். கட்சியின் உள்தேர்தல்களில் ஒரு கோடியே 40 லட்சம் பேருக்கு மேல் அவருக்கு வாக்களித்து முடித்த பிறகு விலகினார். கட்சிக்காரர்களுக்கு வேறு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இல்லாமல் போனது. கமலா ஹாரிசுக்குக் கிடைத்தது வெறும் 107 நாள். நவம்பர் 5 அன்று 226க்கு 312 என்ற கணக்கில் ட்ரம்ப் ஜெயித்தார். ஒரு வருடம் முன்பே விலகியிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் முடிவெடுக்கும் உரிமை வாக்காளர்களிடம் இருந்திருக்கும்.

இது பைடனோடு முடிந்துபோகிற விஷயமும் இல்லை. 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்றபோது ட்ரம்புக்கு 78 வயது. அவருக்கு முன் எந்த அமெரிக்க அதிபரும் அவரைவிட அதிக வயதில் பதவியேற்றதில்லை. அதிபராகக் குறைந்தது 35 வயது வேண்டும் என்று சொல்லும் அரசியல் சட்டம், அதிகபட்ச வயது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் இதே கேள்வி இன்னொரு பெயரோடு மறுபடியும் வரும்.

அப்போது வயதான தலைவரிடம் மக்கள் கேட்க வேண்டியவை இரண்டு. உடல்நிலையை மறைக்காமல் சொல்லுங்கள். நிற்கப் போவதில்லை என்றால், மற்றவர்கள் தயாராக நேரம் இருக்கும்போதே சொல்லுங்கள். இந்த இரண்டையும் செய்துவிட்டால், மக்கள் நான்கு வருடத்துக்குக் கொடுத்த வேலையை அவர் கடைசி நாள் வரை செய்துவிட்டுப் போகட்டும்.