தும்பின் வலிமை பிணைப்பில் இருக்கிறது

கொக்குவில் ஒழுங்கைகளில் நடப்பவர்களுக்குப் பனை புதிதல்ல. ஓலை வேலியும் தும்புத்தடியும் எங்கள் வீடுகளின் அன்றாடப் பொருட்கள். ஆயினும் கங்குமட்டையிலிருந்து எடுக்கும் பனந்தும்பை நாம் இன்னமும் துடைப்பத்துக்கும் தூரிகைக்குமான மூலப்பொருளாகவே பெரிதும் காண்கிறோம். ஆதலால், தும்பைப் பிளாஸ்ரிக்குடன் சேர்த்துப் பலகை செய்யலாம், கதிரை செய்யலாம், படகுகூடச் செய்யலாம் என்ற பேச்சு எழும்போது எங்கள் இளைஞர்கள் ஆர்வத்தோடு செவிமடுப்பது இயல்பே. அந்த ஆர்வத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஒரு கேள்வியைக் கேளாமல் ஒரு சதமும் முதலிடலாகாது. அந்தப் பலகை எவ்வளவு பாரம் தாங்கும்? அடி விழுந்தால் என்னவாகும்?

இதற்கான பாடம் எமது அயலிலேயே உண்டு. 1980களில் திருவனந்தபுரத்திலுள்ள பிராந்திய ஆராய்ச்சி ஆய்வுகூடத்தினர் தென்னந்தும்பைப் பொலியெஸ்ரர் பிசினுடன் சேர்த்துக் கூரைத்தகடு முதலிய பொருட்களைச் செய்து பார்த்தனர். அங்கிருந்து 1987இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சிசல் கற்றாழை, அன்னாசி, வாழை, தென்னை ஆகிய நார்களாலான தகடுகள் ஊசற்சம்மட்டியால் அடித்து முறிக்கப்பட்டன. நார் எவ்வளவு உரமோ, அந்த அளவுக்குத் தகடும் உரமாயிருந்தது. தென்னந்தும்பு மாத்திரம் இதற்கு விலக்காயிற்று. தனியே இழுத்தால் நெடுநேரம் நீண்டு கொடுக்கும் அந்தத் தும்பு, பிசினுக்குள் சென்றபின் அதே உரத்தைத் தகட்டுக்குக் கொடுக்கவில்லை.

நாரின் வலிமை தானாகவே தகட்டின் வலிமையாகிவிடாது என்பதே இதன் பொருள். இரண்டுக்கும் இடையிலுள்ள பிணைப்பே தீர்மானிக்கிறது. தாவர நாரின் மேலுள்ள மெழுகுப் படலம் பிசினை ஒட்டவிடாது. கோஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்தால் மெழுகு நீங்கி, மேற்பரப்பு சொரசொரப்பாகி, பிடிப்புக் கூடும். பிடிப்பு மிதமிஞ்சினாலும் தகடு சடுதியில் வெடிக்கலாம். ஏனெனில் நார் பிசினிலிருந்து உருவி வெளிவரும்போதுதான் அடியின் வேகம் உறிஞ்சப்படுகிறது. இந்த நடுநிலையைக் கைப்பழக்கம் மாத்திரம் காட்டித் தராது, சோதனை வேண்டும்.

எனவே படகு பற்றிய பேச்சை நாம் இப்போதைக்கு ஏற்கமாட்டோம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் எமது கரைகளில் பெருகிய படகுகள் கண்ணாடி நாரினால் ஆனவை. கண்ணாடி நாரின் இழுவை வலிமை தென்னந்தும்பினதைப் போலப் பத்து மடங்குக்கும் அதிகம். தாவர நார் அதன் ஏறத்தாழப் பாதிப் பாரமே என்பது உண்மை. ஆனால் அது நீரை உறிஞ்சி ஊதும். ஊதினால் பிணைப்புத் தளரும். கடற்றொழிலாளியின் உயிரை எமது பரிசோதனைக்கு ஈடுவைக்க எவருக்கும் உரிமையில்லை. உள்ளறைத் தடுப்பு, தட்டம், கதிரையின் இருக்கை, பெட்டி மூடி ஆகியவற்றிலிருந்து தொடங்குவோம். அவை முறிந்தால் பணம் போகும், ஆள் போகமாட்டார்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கிழக்கு யேர்மனியில் 1957 முதல் 1991 வரை செய்யப்பட்ட ட்ரபான்ட் காரின் உடல், பருத்திக் கழிவையும் பிசினையும் சேர்த்து அழுத்திய தகடு. முப்பது இலட்சம் வரையிலான கார்கள் ஓடின. ஆனால் பழுதடைந்தபின் அந்த உடல் உக்கவுமில்லை, உருக்கி மறுபடி வார்க்கவும் முடியவில்லை. தும்பு கலந்துவிட்டால் மாத்திரம் பிளாஸ்ரிக் 'இயற்கைப் பொருள்' ஆகிவிடாது. அப்படிச் சொல்லி விற்பது பொய்யாகும்.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? கொக்குவிலில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. அருகே திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும், கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. இவை ஒன்றுகூடி, எமது பனந்தும்பை இழுத்தும், அடித்தும், உவர்நீரில் ஊறவைத்தும் பார்த்து, பெறுபேறுகளைத் தும்பு அடிக்கும் பெண்களுக்கும் விளங்கும் தமிழில் வெளியிட வேண்டும். உதவி நிறுவனங்களும், எமது திருச்சபை அமைப்புகளும் உட்பட, இன்னுமொரு மூன்றுநாட் பயிற்சி வகுப்புக்குச் செலவிடும் பணத்தை இதற்குக் கொடுக்கட்டும்.

மணலில் வீடு கட்டியவனிடம் மரமும் கல்லும் குறைவாயிருக்கவில்லை. அத்திவாரத்தை அவன் சோதிக்கவில்லை. எங்களிடம் தும்பு உண்டு, கைகளும் உண்டு. இவற்றைப் பிணைக்கும் பொறுமையான அறிவைத் தேடுவதே இன்றைய எமது கடமை.