கால் வேணும், தலை வேணாமா?

கறுப்பன் ஓடினால் கைதட்டுவார்கள். கோல் போட்டால் தோளில் தூக்குவார்கள். அவனே நிர்வாக அறைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும், 'இவனுக்கு என்ன தகுதி?' என்று கேட்பார்கள். நமக்குப் பழகிப்போன கேள்விதான். இலண்டனில் இந்தக் கேள்வியைச் சந்தித்தவர் மைக்கேல் எமெனாலோ.

நைஜீரியாவின் அபா நகரில் 1965ல் பிறந்தவர். இடதுபுறத் தடுப்பாட்டக்காரர். 1994ல் நைஜீரியா முதன்முறையாக உலகக் கோப்பைக்குள் நுழைந்தபோது அந்த அணியில் ஆடியவர். பிழைப்புக்காகப் பெல்ஜியம், ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா என்று நாடு நாடாகப் போய் ஆடினார். தடுப்பாட்டம் பேர் வாங்குற வேலையில்ல. கோல் போட்டவன் படம் பேப்பர்ல வரும். தடுத்தவனை எவனும் நினைக்கமாட்டான். தவறவிட்டாத்தான் பேரைச் சொல்லித் திட்டுவான்.

2007ல் செல்சி கழகத்துக்கு வந்தார். 2010 நவம்பரில் ரே வில்கின்சை அனுப்பிவிட்டு எமெனாலோவைத் துணைப் பயிற்சியாளராக்கினார்கள். உடனே பத்திரிகைகள், 'யார் இந்த ஆள்?' என்று ஆரம்பித்துவிட்டன. அமெரிக்காவில் சிறுமிகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர்தானே என்று இளக்காரம் வேறு. உலகக் கோப்பையில் ஆடியவன் என்பது அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

2011ல் தொழில்நுட்ப இயக்குநர் ஆனார். யாரை வாங்குவது, யாரை விற்பது, இளையோர் அணியை எப்படி வளர்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. 2012ல் செல்சி முதன்முறையாக ஐரோப்பிய சாம்பியன் கோப்பையை வென்றது. 2015லும் 2017லும் இங்கிலாந்தின் லீக் பட்டம். இதே கழகத்துக்கு 1982ல் முதல் கறுப்பு ஆட்டக்காரராக இறங்கினார் பால் கனோவில். அவரைச் சொந்தக் கழக ரசிகர்களே வசைபாடினார்கள், வாழைப்பழம் வீசினார்கள். ஆடுகளத்துக்குள் கறுப்பனைப் பொறுத்துக்கொள்ளாத இடத்தில், 29 வருசம் கழித்து ஒரு கறுப்பர் நாற்காலியில் உட்கார்ந்தார். சின்ன விசயமில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 2022ல் வெளியான ஓர் ஆய்வுப்படி, இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கில் ஆடுபவர்களில் 43 விழுக்காட்டினர் கறுப்பர். கழகங்களின் நிர்வாகப் பதவிகளிலோ 2 விழுக்காடுகூட இல்லை. கால் வேணும், தலை வேணாம். இதுதான் அவர்கள் சொல்லாமல் சொல்வது.

நம் ஊர் இதைவிட எந்த விதத்தில் ஒசத்தி? பல்வங்கர் பாலூ 1911ல் இங்கிலாந்து மண்ணில் நூறு விக்கெட்டுக்கு மேல் வீழ்த்திய சுழற்பந்து வீச்சாளர். தீண்டப்படாதவர் என்பதால் புனேயில் அவருக்குத் தேநீர் தனி மண்குவளையில். அவர் எடுக்கும் விக்கெட் தீட்டில்லை, குடிக்கும் குவளை தீட்டு! இந்துக்கள் அணியின் தலைமை அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. போராடித்தான் 1923ல் அவர் தம்பி விட்டலுக்குக் கிடைத்தது.

ஒருத்தர் மேலே போய்விட்டால் விடுதலை வந்துவிட்டதா? இல்லை. எமெனாலோவின் நாற்காலி உரிமையால் வந்ததல்ல, முதலாளி அப்ரமோவிச்சின் தயவால் வந்தது. 2015 டிசம்பரில் பயிற்சியாளர் மொரின்யோவை நீக்கியபோது முதலாளி வாய் திறக்கவில்லை. கேமரா முன்னால் வந்து விளக்கம் சொன்னவர் எமெனாலோ. ரசிகர்களின் கோபமும் அவர் தலையில். மறுபடியும் அதே தடுப்பாட்டக்காரன் வேலைதான். அவர் காலத்தில் செல்சி ஒரே சமயத்தில் 30க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களைப் பிற கழகங்களுக்கு இரவல் கொடுத்து வைத்திருந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளும், கறுப்புப் பிள்ளைகளும் அதில் உண்டு. கிடங்கில் சரக்கு அடுக்குவதுபோல் மனுசனை அடுக்குவதை, நாற்காலியில் இருப்பவன் தோல் நிறம் மட்டுமே மாற்றிவிடாது. 2017ல் அங்கிருந்து விலகி மொனாக்கோ போனார். 2023ல் சவுதி லீக்கின் பொறுப்புக்குப் போனார். முதலாளிகள்தான் மாறினார்கள்.

அதற்காக அவரைக் குறைசொல்லி ஒதுக்க வேண்டியதில்லை. தனி ஒருவனாக எவ்வளவு தூரம் போகமுடியுமோ அவ்வளவு தூரம் போனார். நாம் கேட்க வேண்டியது வேறு. தயவால் வந்த நாற்காலி தயவு போனால் போய்விடும். வேர்வையில் எத்தனை பங்கோ, முடிவெடுக்கும் இடத்திலும் அத்தனை பங்கு. அதை உரிமையாகக் கேட்போம். தகுதியைப் பற்றி அப்புறம் அவர்கள் பேசட்டும். முதலில் அவர்கள் தகுதியை யார் சோதித்தது என்று சொல்லட்டும்.