தோல்விக்கு ஒரு தலை

பெரிய ஃபுட்பால் ஃபைனல் முடிந்த மறுநாள், தோற்ற நாட்டுப் பேப்பரில் ஒரு போட்டோ நிச்சயம் இருக்கும். தலையைத் தொங்கப்போட்டபடி ஒரு ஆட்டக்காரர். போட்டோ சொல்லும் சேதி ஒன்றுதான்: ‘இந்த ஆளால்தான் போச்சு!’

அப்பட்டமான பொய் இது. பதினோரு பேர் ஆடித் தோற்றதை ஒருத்தர் தலையில் கட்டுவது, மற்ற பத்துப் பேரும், கோச்சும், அவர்களுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்களும் தப்பிக்கிற வழி.

1994 உலகக் கோப்பை ஃபைனலை எடுத்துக்கொள்ளுங்கள். பெனால்டியை வானத்துக்கு அடித்த இத்தாலியின் ராபர்டோ பாஜ்ஜோவை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அவருக்கு முன்பே பாரேஸியும் மஸாரோவும் கோட்டை விட்டது எத்தனை பேருக்கு ஞாபகம்? பாஜ்ஜோ கோல் போட்டிருந்தாலும் 3-3தான். பிரேசிலுக்கு இன்னும் ஒரு உதை பாக்கி இருந்தது. நாக்-அவுட் சுற்றில் ஃபைனலுக்கு முன் இத்தாலி போட்ட 6 கோல்களில் 5 அவருடையவை. ஃபைனல் வரை தோளில் தூக்கிக்கொண்டு வந்தவருக்கே அந்தப் பட்டம்!

ஆனால், பாஜ்ஜோ பட்டது எல்லாம் மோவாசிர் பார்போசாவின் கதைக்கு முன்னால் தூசு.

1950 ஜூலை 16. ரியோவின் மரக்கானா ஸ்டேடியம். டிக்கெட் வாங்கியவர்கள் மட்டுமே 1,73,850 பேர். கணக்குப்படி அது ஃபைனலே இல்லை, நான்கு அணி லீகின் கடைசி ஆட்டம். உருகுவேயுடன் டிரா செய்தாலே பிரேசிலுக்குக் கோப்பை. அது தேர்தல் வருஷம் வேறு. முந்தின நாளே ஆட்டக்காரர்களோடு கை குலுக்க அரசியல்வாதிகள் முண்டியடித்தார்கள். ரியோ மேயர் மைக்கைப் பிடித்து, ஆட்டம் தொடங்கும் முன்பே அவர்களைச் சாம்பியன்கள் என்று வாழ்த்திவிட்டார். ஒரு பத்திரிகை ‘இவர்கள்தான் உலக சாம்பியன்கள்’ என்று அணியின் படத்தையே போட்டுவிட்டது. கல்யாணத்துக்கு முன்னாலேயே பந்தி போட்ட கதை!

பிரேசில்தான் முதல் கோல் அடித்தது. 66-வது நிமிடம் கிஜ்ஜா வலது பக்கமாக ஓடி வந்து பந்தைக் குறுக்கே தள்ள, ஸ்கியாஃபினோ சமன் செய்தார். 79-வது நிமிடம் மறுபடி கிஜ்ஜா, அதே பக்கம். இந்த முறையும் குறுக்கேதான் தள்ளுவார் என்று கணித்து கோல்கீப்பர் பார்போசா ஓரடி நகர்ந்தார். எந்த கோல்கீப்பரும் அப்படித்தான் யோசித்திருப்பார். கிஜ்ஜா அவருக்கும் கம்பத்துக்கும் நடுவே இருந்த சந்தில் அடித்தார். 2-1.

இப்போது கேட்கிறேன். கிஜ்ஜாவை ஒரே பக்கத்தில் இரண்டு தடவை ஓடவிட்டது யார்? அதைச் சரிசெய்ய வேண்டிய கோச் என்ன செய்துகொண்டிருந்தார்? முந்தைய இரண்டு ஆட்டங்களில் 13 கோல் போட்டுக் குவித்தவர்கள், அன்றைக்கு ஏன் ஒன்றோடு நின்றார்கள்? மிச்சமிருந்த 11 நிமிடத்தில் ஒரே ஒரு கோல் போட்டிருந்தால் கோப்பை அவர்களுடையது. அது கோல்கீப்பர் வேலையா?

இதையெல்லாம் யார் கேட்டார்கள்! பார்போசா, பிகோட், ஜுவெனால் என்று மூன்று பேரைப் பிடித்தார்கள். மூன்று பேருமே கறுப்பர்கள். தற்செயல் என்று நீங்கள் நினைத்தால், உங்கள் நல்ல மனசுக்கு ஒரு கும்பிடு. கறுப்பரை கோல்கீப்பராக நம்பக் கூடாது என்ற எண்ணம் அந்த நாட்டில் வேர்விட்டது. பார்போசாவுக்கு அப்புறம் ஒரு கறுப்பர் உலகக் கோப்பையில் பிரேசிலின் நிரந்தர கோல்கீப்பராக நின்றது 2006-ல், டிடா. 56 வருஷம்!

கோச் ஃப்ளாவியோ கோஸ்டா ஐந்தாறு வருஷத்தில் தேசிய அணிக்குத் திரும்பி வந்தார். பார்போசாவுக்கு அப்புறம் கிடைத்தது ஒரே ஒரு சர்வதேச ஆட்டம். அணிந்திருந்த வெள்ளைச் சட்டையும் ராசியில்லை என்று, 1953-ல் போட்டி வைத்து மஞ்சள் சட்டையைத் தேர்ந்தெடுத்தார்கள். சட்டையை மாற்றலாம், தோலை எங்கே போய் மாற்றுவது?

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகவில்லையென்றால், வித்தியாசத் தொகையை ‘சஸ்பென்ஸ் அக்கவுன்ட்’டில் தூக்கிப் போடுவோம். அது தற்காலிகம். தப்பு எங்கே என்று தேடிக் கண்டுபிடித்து, அந்தக் கணக்கை மூடியாக வேண்டும். பார்போசா பேரில் பிரேசில் திறந்த சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டை அவர் உயிரோடு இருந்தவரை மூடவேயில்லை.

‘சம்பளம் வாங்குகிறவர்தானே, விமர்சிக்கக் கூடாதா?’ என்பீர்கள். தாராளமாக விமர்சியுங்கள். பக்கத்துக் கம்பத்தை விட்டு நகர்ந்தது தப்பு என்றால் தப்புதான். அதற்குத் தண்டனை, அடுத்த ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார வைப்பது. அரை நூற்றாண்டா?

பழைய கதை என்று தள்ளவும் முடியவில்லை. 2021 ஜூலை 11, வெம்ப்ளி, யூரோ கோப்பை ஃபைனல். பெனால்டியில் இத்தாலியிடம் தோற்றது இங்கிலாந்து. தவறவிட்டவர்கள் ராஷ்ஃபோர்ட், சான்ச்சோ, சாகா. மூவரும் கறுப்பர்கள். சாகாவுக்கு வயசு 19. இரவோடு இரவாக அவர்களுடைய இன்ஸ்டாகிராம் பக்கங்களில் கொட்டிய நாற்றத்தை இங்கே எழுத முடியாது. இரண்டாவது நிமிடமே முன்னிலை பெற்று, அதைக் காப்பாற்றத் தெரியாமல் பதுங்கி ஆடிய அணியைப் பற்றி அந்த வாய்களிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் இருந்தது. யார் யார் உதைப்பது என்று முடிவு செய்தது நான், பொறுப்பும் என்னுடையது என்று கோச் சவுத்கேட் அன்றைக்கே முன்னால் வந்து நின்றார். 1996 யூரோ அரையிறுதியில் பெனால்டியைத் தவறவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர்.

பார்போசாவுக்காக யாரும் அப்படி முன்னால் வந்து நிற்கவில்லை. 1993-ல் பிரேசில் அணிக்கு வாழ்த்துச் சொல்ல பயிற்சி முகாமுக்குப் போனார். ராசியில்லாத ஆள் என்று வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். ‘பிரேசிலில் அதிகபட்ச தண்டனையே 30 வருஷம்தான், நான் 50 வருஷமாக அனுபவிக்கிறேன்’ என்ற அர்த்தத்தில் கடைசிக் காலத்தில் சொன்னார். 2000 ஏப்ரலில் செத்துப்போனார்.