கண்டங்கள் ஓடிய பந்தயம்

ஒலிம்பிக்ஸ் எல்லோருக்கும் தெரியும். ஆசிய விளையாட்டுப் போட்டியும் தெரியும். கண்டங்களை அணிகளாக வைத்து ஒரு தடகளப் போட்டி நாற்பது வருடத்துக்கும் மேல் நடந்தது எத்தனை பேருக்குத் தெரியும்? 1977ல் ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரில் 'தடகள உலகக் கோப்பை' என்று ஆரம்பித்தது. 2010ல் 'கான்டினென்டல் கப்' ஆனது. 2018ல் செக் குடியரசின் ஆஸ்ட்ராவாவில் நடந்ததுதான் கடைசி. அதற்குப் பிறகு சத்தமே இல்லை!

"நாட்டுக்காகக் கைதட்டலாம், கண்டத்துக்காக யார் கைதட்டுவார்கள்?" இதுதான் இந்தப் போட்டி வேண்டாம் என்பவர்களின் கேள்வி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஜப்பான்காரர் ஜெயித்தால் இந்தியாவில் யார் பட்டாசு வெடிக்கப் போகிறார்கள்? ஆனால் அவர்கள் ஆப்பிரிக்காவை மறந்துவிடுகிறார்கள்.

1992 ஹவானா, 1994 லண்டன், 1998 ஜோஹன்னஸ்பர்க், 2002 மாட்ரிட்... தொடர்ந்து நான்கு முறை ஆண்கள் கோப்பை ஆப்பிரிக்காவுக்கு! அமெரிக்கா தனி அணியாகவே வந்து நின்றும் இதுதான் கதை. அன்றைய விதிப்படி ஒரு பிரிவுக்கு ஓர் அணியிலிருந்து ஒருவர்தான். ஆக, கென்யாவிடம் பத்து நெடுந்தூர ஓட்டக்காரர்கள் இருந்து புண்ணியமில்லை. நூறு மீட்டருக்கு ஆள் வேண்டும், உயரம் தாண்ட ஆள் வேண்டும், குண்டு எறிய ஆள் வேண்டும். அதனால் நைஜீரியாவும் மொராக்கோவும் நமீபியாவும் தோள் கொடுத்தன. தனியாக வந்திருந்தால் இதில் எந்த நாடும் கோப்பையை எட்டிப் பார்த்திருக்க முடியாது. பெண்கள் கோப்பை ஆப்பிரிக்காவுக்குக் கிடைக்கவில்லை என்றாலும், இதே நான்கு போட்டிகளிலும் 800 மீட்டரில் முதலில் வந்தவர் மொசாம்பிக்கின் மரியா முடோலா.

போட்டியைக் கெடுத்தது அதை நடத்தியவர்கள்தான். 2010ல் ஆசியாவையும் ஓசியானியாவையும் ஒரே அணியாக்கினார்கள். ஃபிஜியும் கத்தாரும் ஒரே 'கண்டமாம்'! 2018ல் ஜெயித்தால் புள்ளி இரட்டிப்பாகும் 'ஜோக்கர்' முறை வேறு. தடகளமா, சீட்டாட்டமா?

தேதியாவது ஒழுங்காக வைத்தார்களா? சீசன் முடிந்து எல்லோரும் களைத்துப்போன செப்டம்பர். 2018 ஆகஸ்ட் 27ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 88.06 மீட்டர் ஈட்டி எறிந்த நீரஜ் சோப்ரா, இரண்டே வாரத்தில் ஆஸ்ட்ராவாவில் 80.24 எறிந்து ஆறாவதாக வந்தார். அந்த அலுப்பிலும் மும்முறை தாண்டுதலில் அர்பிந்தர் சிங் 16.59 மீட்டர் தாண்டி மூன்றாம் இடம் பிடித்தார். இந்தப் போட்டியில் இந்தியருக்குக் கிடைத்த முதல் பதக்கம். இந்தியப் பத்திரிகைகள் அதை எவ்வளவு கொண்டாடின என்பதைச் சொல்லாமல் விடுவதே நல்லது.

இப்போது உலகத் தடகள அமைப்பு 2026 செப்டம்பருக்கு அறிவித்த புது விருந்து, புடாபெஸ்டின் 'அல்டிமேட் சாம்பியன்ஷிப்'. பரிசுத் தொகை மொத்தம் ஒரு கோடி டாலர். அழைப்பு உச்சத்தில் இருப்பவர்களுக்கு மட்டும். பழைய கோப்பையில் ஒரு சின்ன நாட்டு வீரர் தன் கண்டத்தில் முதல் ஆளாக இருந்தால் போதும், அமெரிக்காவுக்குப் பக்கத்துத் தடத்தில் ஓடலாம்.