வாழ்க்கை முறையை மாற்ற வேண்டியது யார்?

ஃபைப்ரோமயால்ஜியா என்று தெரிந்ததும் மருத்துவரில் தொடங்கி பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோரும் சொல்வது, “வாழ்க்கை முறையை மாத்துங்க” என்பதுதான். நல்ல அறிவுரை. ஆனால், நம் ஊரில் ஒரு பெண்ணின் வாழ்க்கை முறை அவள் கையில் மட்டுமா இருக்கிறது? அவள் எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்பதை வீட்டாரின் பஸ் நேரம் முடிவு செய்கிறது. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை வேலையிடம் முடிவு செய்கிறது. எனவே, இந்த நோய் தரும் சோர்வைக் குறைக்கும் பொறுப்பை நோயாளியின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை.

நான் அரசு உதவிபெறும் பள்ளியில் கணக்கு ஆசிரியை. சில வருடங்களாக இந்த நோயோடுதான் வேலைக்குப் போய்வருகிறேன். கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் என வலி இடம் மாறிக்கொண்டே இருக்கும். வலியைக்கூடப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளலாம். அசதிதான் ஆளைச் சாய்த்துவிடுகிறது. ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்தாலும் உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கும். கரும்பலகையில் ஒரு தேற்றத்தை நிரூபித்து முடிப்பதற்குள் சாக்பீஸ் பிடித்த கை தானாகக் கீழே இறங்கும். பாதிக் கணக்கில் அடுத்த வரி மறந்துபோகும்.

ரத்தப் பரிசோதனையிலும் எக்ஸ்ரேயிலும் இந்த நோய் தெரியாது. அதனால்தான் “எல்லாம் நார்மல்தானே, மனசுதான் காரணம்” என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். வலியைக் கையாளும் நரம்பு மண்டலமே இதில் மிகையாக வேலை செய்கிறது என்பது இன்றைய மருத்துவத்தின் புரிதல். உடம்பில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து, 11 இடங்களிலாவது வலித்தால்தான் இந்த நோய் என்று 1990-ல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் அமைப்பு வரையறுத்தது. அதே அமைப்பு 2010-ல் அந்த அளவுகோலை மாற்றி, சோர்வு, தெளிவு தராத தூக்கம், நினைவுத் தடுமாற்றம் ஆகியவற்றையும் சேர்த்தது. அசதி, நோயின் ஓர் அங்கம், சோம்பேறித்தனம் அல்ல. இதை வீட்டில் உள்ளவர்கள் முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இந்த அசதிக்காக வாங்கும் சத்து மாத்திரைகளுக்கு வருவோம். எது குறைகிறது என்று பார்த்துவிட்டு அதை மட்டும் ஈடுகட்டுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அப்படிப்பட்ட மாநிலத்தில் ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, பி12, வைட்டமின் டி ஆகியவற்றைப் பார்க்காமல் சோர்வுக்கு மாத்திரை வாங்குவது வீண் செலவு. எனக்கு இரும்புச்சத்தும் வைட்டமின் டியும் குறைவாக இருந்தன. வாரம் ஒருமுறை 60,000 யூனிட் வைட்டமின் டியை மருத்துவர் சொன்ன காலம் வரை மட்டும் எடுத்தேன். இரும்பு மாத்திரை உடம்பில் சேர்வதை டீ தடுக்கும் என்பதால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டேன். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது நின்றது. காலை அசதியும் வலியும் அப்படியே இருந்தன. குறையை நிரப்பும் வேலையை மாத்திரை செய்தது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

மெக்னீசியம், கோ-என்சைம் க்யூ10 போன்றவற்றைப் பற்றிச் சிறிய ஆய்வுகள் உண்டு. ‘சோர்வு போய்விடும்’ என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க அவை போதாது. யாரோ சொன்னதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதில் ஆபத்தும் இருக்கிறது. வைட்டமின் டி அளவுக்கு மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகத்தைப் பாதிக்கும். பி6-ஐ அதிக அளவில் மாதக்கணக்கில் சாப்பிட்டால் நரம்பே கெட்டு, கைகால் மரத்துப்போகும். முடிக்காகச் சாப்பிடும் பயோட்டின், தைராய்டு பரிசோதனை முடிவையே தவறாகக் காட்டலாம். என்னென்ன சாப்பிடுகிறோம் என்று ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

மருந்தில்லாத வழிகளில் உடற்பயிற்சிக்கே ஆதாரம் அதிகம். ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் கூட்டமைப்பு 2016-ல் திருத்திய பரிந்துரைகளில், அழுத்தமான பரிந்துரை கிடைத்தது அது ஒன்றுக்கு மட்டும்தான். ஆனால், எடுத்த எடுப்பில் வேகமாக நடந்தால் மறுநாள் படுக்கைதான். தெருமுனை வரை போய்த் திரும்புவதில்தான் நான் ஆரம்பித்தேன். உடம்பு நன்றாக இருக்கும் நாளில், தேங்கிக் கிடக்கும் வேலையையெல்லாம் சேர்த்துச் செய்வதில்லை. முடியாத நாளில், நடையை அடியோடு விடுவதும் இல்லை.

இந்த ஒழுங்கை நான் ஒருத்தியாகக் கடைப்பிடிக்க முடியாது. ராத்திரி ஒன்பதரைக்குப் படுக்க வேண்டுமானால், எட்டு மணிக்குள் எல்லோரும் சாப்பிட்டிருக்க வேண்டும். பாத்திரத்தை வேறொருவர் தேய்க்க வேண்டும். “நாங்கல்லாம் ஆட்டுக்கல்லுல ஆட்டுனவங்க” என்று சொல்லிவந்த என் மாமியார்தான் ஒருநாள் என் கணவரைக் கூப்பிட்டு, “இனிமே மாவு ஆட்டுறது உன் வேலைடா, அவ படுக்கட்டும்” என்றார். துணி காயப்போடுவது மகனின் பொறுப்பாயிற்று. சமையல் மேடை உயரத்துக்கு ஒரு ஸ்டூல் வாங்கினோம். காய் நறுக்குவதெல்லாம் இப்போது உட்கார்ந்துதான். எந்த மாத்திரையையும்விட எனக்கு அதிகம் உதவியவை இவைதான்.

பள்ளியில் தரைத்தள வகுப்புகளும் ஒரு நாற்காலியும் கேட்டேன். தலைமை ஆசிரியர் ஒத்துக்கொண்டார். இப்போது பிள்ளைகள் பலகையில் எழுதி விளக்குகிறார்கள். நான் உட்கார்ந்து கேட்டுத் திருத்துகிறேன். இது எனக்குக் கிடைத்தது அவருடைய நல்ல மனதால். எல்லோருக்கும் அது வாய்க்காது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஃபைப்ரோமயால்ஜியா இல்லை. ஆனால், கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் சட்டம் திருத்திய மாநிலம் இது. நாள்பட்ட வலியுள்ளவர்களுக்கு எல்லாப் பணியிடங்களிலும் இருக்கையும் இடைவேளையும் உறுதி செய்வது நமக்கு முடியாத காரியம் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் ஏற்கெனவே வீடு தேடிப் போகிறார்கள். இந்த நோயாளிகளுக்குப் படிப்படியான பயிற்சி சொல்லித்தரும் வேலையையும் அரசு அவர்களிடம் ஒப்படைக்கலாம்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெண் இந்த நோய்க்காக மருத்துவரிடம் போகும்போது, அவரைத் தனியே அனுப்பாதீர்கள், கூடவே போங்கள். தூக்கம், ஓய்வு, வேலைப் பங்கீடு பற்றி அங்கே சொல்லப்படும் ஒவ்வொன்றும் உங்கள் காதிலும் விழ வேண்டும். அந்த அறிவுரையில் பாதி உங்களுக்கானது.