மனத்திடம் என்னும் நுழைவுத்தேர்வு

மருத்துவக் கல்லூரி மேடைகளில் மனநோயுள்ள மாணவர்களைப் பற்றி ஆண்டுதோறும் ஒரு பேச்சு ஒலிக்கிறது: தன் மனதையே அடக்கத் தெரியாதவர்கள் அடுத்தவர் உயிரைக் காக்க வரக்கூடாது, அவர்களுக்கு உதவித்தொகை வேறா? கைதட்டலும் கிடைக்கிறது. கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

வரக்கூடாதாம். வந்து எத்தனையோ காலமாகிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் தந்த அறிக்கையைப் பாருங்கள். இணையவழிக் கணக்கெடுப்பில் பதில் சொன்ன எம்.பி.பி.எஸ். மாணவர்களில் 27.8 விழுக்காட்டினர் தமக்கு மனநலப் பாதிப்பு கண்டறியப்பட்டிருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பட்டமேற்படிப்பு மாணவர்களை வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காதீர்கள் என்றும் அதே குழு கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. கோளாறு மாணவர் மனதில் மட்டும்தான் இருக்கிறதா?

உதவித்தொகை கேட்டுப் போலிச் சான்றிதழோடு வந்து நிற்பார்களாம். மனநலச் சிகிச்சை என்று காதில் விழுந்தாலே பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்து போகும் ஊரில், அந்தச் சான்றிதழைப் பொய்யாக வாங்க யார் துணிவார்?

நோயாளிகளுக்கு ஆபத்தாம். இருமுனை மனநோய்க்கு லித்தியம் எடுத்துக்கொண்டே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன். 1995இல் அதை நூலாகவே எழுதினார். மாத்திரை சாப்பிடுபவரைக் கண்டு நான் பயப்படவில்லை. இடம் பறிபோகுமோ என்று மாத்திரையை நிறுத்திவிட்டு வார்டுக்கு வருபவரை நினைத்தால்தான் பயம்.

கடைசியாக, தகுதிக்குத்தான் பணம் என்ற வாதம். எதை வைத்துத் தகுதியை அளக்கிறார்கள்? வருகைப்பதிவு, மதிப்பெண். மனச்சோர்வு முதலில் தின்பதே இவை இரண்டையும்தான். இரவெல்லாம் தூக்கமில்லை; விடிந்ததும் கட்டிலை விட்டு எழ முடியவில்லை; வார்டு போஸ்டிங் தவறுகிறது. தியரிக்கு 75, செய்முறைக்கு 80 விழுக்காடு வருகை இல்லையென்றால் எம்.பி.பி.எஸ். தேர்வெழுத முடியாது. பேட்ச் முன்னால் போய்விடும். மதிப்பெண்ணை நிபந்தனையாக வைத்த தொகை அங்கேயே நின்றுவிடும். மெஸ் பில் நிற்குமா? அம்மாவின் நகை அடகுக்குப் போகிறது. தன்னால்தான் போனது என்ற எண்ணம் அந்தப் பிள்ளையை இன்னும் கீழே அழுத்துகிறது. சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறதே என்பார்கள். எங்கே? தன் பேராசிரியர் உட்கார்ந்திருக்கும் அதே புறநோயாளிப் பிரிவில், தன் வகுப்புத் தோழனே கேஸ் ஹிஸ்டரி எழுதும் மேசைக்கு முன்னால். அதற்குக் கூசி வெளியே போனால் மருத்துவருக்கும் மருந்துக்கும் பணம் வேண்டும். லித்தியம் என்றால் ரத்தத்தில் அதன் அளவையும் சிறுநீரகத்தையும் தைராய்டையும் அவ்வப்போது பரிசோதித்தாக வேண்டும். செவிலியர் படிப்பில் சேர்ந்த ஏழை வீட்டுப் பெண்ணுக்கு இது கட்டுப்படியாகுமா? அவளுக்கே வார்டில் காசநோய் தொற்றியிருந்தால், உனக்கு நுரையீரல் திடமில்லை, படிப்பை விட்டுவிடு என்று எவராவது சொல்வார்களா?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப் பட்டியலில் மனநோயும் இருக்கிறது, உதவியும் இருக்கிறது என்பார்கள். அந்த உதவித்தொகைக்கு 40 விழுக்காடு பாதிப்பு என்ற சான்று வேண்டும். சிகிச்சையால் தேறி வகுப்புக்குத் திரும்பியவளுக்கு அது பெரும்பாலும் கிடைக்காது.

அவளைப் போன்றவர்களுக்கென்றே தனி உதவித்தொகை வேண்டும்; சிகிச்சைக்காக ஓய்வெடுக்கும் பருவத்துக்கும் அது வரட்டும். விண்ணப்பம் துறைத்தலைவர் மேசைக்குப் போகவே வேண்டாம். அவளுக்கு இன்டர்னல் மதிப்பெண் போடுபவர் எவரும் அந்தத் தொகைக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் உட்காரக் கூடாது.